நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டின் பறக்கும் மாதிரி: கட்டுவது முதல் முதல் ஏவல் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசல் ராக்கெட்டை அளவு குறைத்துச் செய்து, அலமாரியில் வைக்காமல் உண்மையிலேயே பறக்கவிடும் ஸ்கேல் மாடல் பற்றி நண்பர்களும் அவர்கள் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸில். மோட்டார் (மருந்து அடைத்த, ராக்கெட்டைத் தள்ளும் குழல்), மைதானம், விதிகள் பற்றிச் சொல்வதெல்லாம் இங்குள்ள நிலவரம். இந்தியாவில் இருப்பவர்களுக்கான பதில் கடைசியில் இருக்கிறது. பொதுவாகப் பேசினால் கைக்கு ஒன்றும் அகப்படாது என்பதால் ஒரே ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன்: நைக்கி-அப்பாச்சி என்ற இரண்டு கட்ட ஆய்வு ராக்கெட், பத்தில் ஒரு பங்கு அளவில்.

எத்தனையோ ராக்கெட் இருக்க ஏன் இது? சாட்டர்ன் 5 செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனால் முதல் ஸ்கேல் மாடலாக வேண்டாம். சாட்டர்ன் 5 அசலில் 110 மீட்டருக்கு மேல் உயரம், 10 மீட்டர் விட்டம். நூறில் ஒரு பங்காகச் செய்தாலும் ஒரு மீட்டருக்கு மேல் வரும். அதில் வரிவரியான மேற்பரப்புகள், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சின்னஞ்சிறு துடுப்புகள், கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள். ஆசையாகத் தொடங்கிப் பாதியில் பெட்டிக்குள் போட்டு மூடிய சாட்டர்ன்கள் பல வீடுகளில் தூங்குகின்றன.

நைக்கி-அப்பாச்சி அதற்கு நேர் எதிர். கீழே தடித்த நைக்கி பூஸ்டர், மேலே ஒல்லியான அப்பாச்சி, உச்சியில் கூர்மையான மூக்கு, அங்கங்கே துடுப்புகள். அவ்வளவுதான். வளைவு நெளிவு இல்லை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் இதுதான். நாசா கொடுத்த ராக்கெட், பிரான்ஸ் கொடுத்த சோடியம் ஆவிக் கருவி. பொழுது சாயும் நேரத்தில் மேலே போய் ஆரஞ்சு நிறப் புகைக்கோடு இழுத்தது. அந்த ராக்கெட்டைப் பூட்டி முடுக்கிய குழுவில் இளைஞர் அப்துல் கலாம் இருந்தார். பிள்ளைகளிடம் "இதைத்தான் செய்யப்போகிறோம்" என்று காட்ட ஒரு கதை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பத்தில் ஒரு பங்கு என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்?

கிடைக்கும் குழாய்தான் முடிவு செய்தது. அசல் நைக்கியின் விட்டம் 16.5 அங்குலம், அதாவது 41.9 செ.மீ. மாடல் ராக்கெட் கடைகளில் பிடி-60 என்ற பெயரில் விற்கும் அட்டைக் குழாயின் வெளிவிட்டம் 41.6 மி.மீ. முடியளவு வித்தியாசம். ஸ்கேல் மாடலில் முதலில் தடித்த குழாயைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து மற்ற அளவுகளை எடுப்பதுதான் வழக்கம். அப்பாச்சி 6.5 அங்குலம், 16.5 செ.மீ.; நமக்கு 16.5 மி.மீ. ஆகிறது. மொத்த உயரம் 80 செ.மீ.க்குச் சற்று மேல். அசலின் சென்டிமீட்டரை மில்லிமீட்டராகப் படித்தால் போதும். இந்த வசதிக்காகவே நான் இந்த அளவை விடுவதில்லை.

அளவுகளும் படங்களும் எங்கே கிடைக்கும்? எதை நம்புவது?

நாசாவின் பழைய தொழில்நுட்ப அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நைக்கி-அப்பாச்சி பற்றி நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரு பொறி உண்டு. இந்த ராக்கெட் பல முறை, பல நாடுகளிலிருந்து பறந்தது. மேல்பகுதிக் கருவியின் நீளம், மூக்கின் வடிவம், வண்ணம் எல்லாம் பயணத்துக்குப் பயணம் மாறும். இதற்கு முந்தைய நைக்கி-கேஜன் ராக்கெட்டும் பார்க்க ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். படத்தின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எடுத்தால் பெயர் ஒன்றாகவும் உடம்பு இன்னொன்றாகவும் போய்விடும்.

ஆகவே ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் படங்களை மட்டும் பின்பற்றுங்கள். துடுப்பு எத்தனை, எந்தத் துடுப்பு எந்தப் பக்கம், வண்ணப் பட்டை எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் அந்தப் படத்திலிருந்தே எடுங்கள். நான்கு படங்களிலிருந்து அழகான பகுதிகளைப் பொறுக்கிச் சேர்த்தால் எங்குமே பறக்காத ஒரு ராக்கெட் கிடைக்கும். போட்டிக்குக் கொண்டுபோனால் நடுவர் முதலில் கேட்பதே "இது எந்தப் பயணம்?" என்றுதான்.

அசல் இரண்டு கட்ட ராக்கெட். மாடலும் இரண்டு கட்டமாகப் பறக்குமா?

முதல் பறத்தலில் வேண்டாம். அசலில் நைக்கி சில விநாடிகள் எரிந்து கழன்றுகொள்ளும். அப்பாச்சி கொஞ்ச நேரம் சும்மா மேலேறி, காற்று மெலிந்த உயரத்துக்குப் போன பிறகுதான் பற்றும். நம்முடைய கரிமருந்து மோட்டாரில் அந்தக் காத்திருப்பு கிடையாது. கீழ் மோட்டார் எரிந்து முடியும் நொடியில் மேல் மோட்டார் பற்றியாக வேண்டும். நைக்கி குழாயின் நீளம் முழுக்கத் தீப்பொறி தாண்டிப் போக வேண்டும். நடுவே அடைபட்ட காற்று வெளியேற ஓட்டை வேண்டும். ராக்கெட் சாய்ந்திருக்கும்போது மேல்கட்டம் பற்றினால் அது எந்தத் திசையில் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டையும் ஒரே ராக்கெட்டாகச் சேர்த்துப் பறக்கவிடுங்கள். மோட்டார் நைக்கியில். பாராசூட்டும் நைக்கிக்குள். அசலில் கட்டங்கள் பிரியும் அதே இணைப்பில்தான் மாடலும் பிரியும்: அப்பாச்சி முழுவதும், அடியில் உள்ள கூம்பு இணைப்போடு சேர்ந்து, மூடிபோலக் கழன்று வரும். வெளியே பார்த்தால் வெட்டுக் கோடே தெரியாது. ஸ்கேல் மாடலில் எங்கே சமரசம் செய்கிறோம் என்பதைப் பசை தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்த ராக்கெட்டில் சமரசத்துக்குத் தோதான இடம் இந்த இணைப்புதான்.

16.5 மி.மீ. குழாய் கடையில் இல்லையே?

இல்லைதான். நாமே சுற்ற வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை.

ஹார்டுவேர் கடையில் 5/8 அங்குல அலுமினியக் குழாய் வாங்குங்கள், வெளிவிட்டம் 15.9 மி.மீ. அதன் மேல் 0.3 மி.மீ. கனத்துக்குத் தாள் சுற்றினால் 16.5 வந்துவிடும். 0.15 மி.மீ. கனமுள்ள தாள் என்றால் சரியாக இரண்டு சுற்று. அலுமினியத்தின் மேல் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். முதல் சுற்றுக்குப் பசை வேண்டாம். அந்த ஒரு சுற்று முடியும் இடத்திலிருந்துதான் பசை தொடங்க வேண்டும், இல்லையென்றால் தாள் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு உருவ வராது. மரப்பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தூரிகையால் மெல்லிசாகப் பூசி, உள்ளங்கையால் ஒரே சீராக உருட்டுங்கள். தாளின் ஓரம் குழாயின் நீளத்துக்கு நேராக நிற்கிறதா என்று முதல் அரைச் சுற்றிலேயே பார்க்க வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் கோணினால் முடிவில் கூம்பாகிவிடும். பசை முழுக்கக் காய்வதற்குள், அரை ஈரத்தில், திருகி உருவிவிடுங்கள். பிறகு செங்குத்தாக நிற்கவைத்துக் காயவிடுங்கள்; படுக்கவைத்தால் வளையும்.

காய்ந்த பின் உள்ளே ஐந்தாறு செ.மீ.க்கு ஒன்றாக அட்டை வளையம் ஒட்டுங்கள். மெல்லிய தாள் குழாய் கையில் அழுத்தினால் நசுங்கும். வளையங்கள் அதைத் தாங்கும்.

துடுப்புக்கு என்ன மரம்?

பால்சா. மர ரேகை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். ரேகை உடம்புக்கு இணையாக ஓடினால் தரையில் இறங்கும் முதல் அடியிலேயே பிளந்துவிடும். வெட்டிய துடுப்புகளை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பிடித்து ஒரே நேரத்தில் உப்புத்தாளில் தேய்த்தால் அளவு ஒத்துவரும்.

பால்சாவின் மேல் சாதாரண அச்சுத் தாளை மரப்பசையால் இருபுறமும் ஒட்டிவிடுவது என் வழக்கம். ரேகையை மறைக்கப் பூச்சு மேல் பூச்சு அடிக்கும் வேலை மிச்சம், வலிமையும் கூடும். ஒட்டியதும் கனமான புத்தகத்தின் கீழ் இரவு முழுக்க வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி விட்டால் அப்பளம்போலச் சுருண்டுகொள்ளும்.

உடம்பில் ஒட்டும்போது கோணம் முக்கியம். மூன்று துடுப்பென்றால் 120 டிகிரி, நான்கென்றால் 90. தாளில் வட்டம் வரைந்து கோடு போட்டுக் குழாயைச் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துடுப்பு ஒன்றிரண்டு டிகிரி திரும்பியிருந்தால் ராக்கெட் சுழன்றுகொண்டே போகும், உயரம் குறையும்.

எந்தப் பசை?

தாளுக்கும் மரத்துக்கும் ஃபெவிகால் வகை மரப்பசை. காய்ந்த பின் ஒட்டு உடையாது, பக்கத்துத் தாள்தான் கிழியும், அவ்வளவு பிடிப்பு. ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதிர்ச்சியில் தெறித்துவிடும். மோட்டார் தாங்கிக்கு அதை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பாகங்களுக்கு எபாக்ஸி.

கடைசியில் வண்ணம்தான் கெடுக்கிறது. டேப்பை உரித்தால் ஓரம் கசிந்திருக்கிறது!

ஸ்கேல் மாடலில் வெளியே தெரிவது இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டைக் குழாயில் திருகு திருகாக ஒரு பள்ளக் கோடு ஓடும். மரத்துக்குப் பூசும் பட்டியைத் (புட்டி) தண்ணீரில் குழைத்து அதில் பூசி, காய்ந்ததும் 400 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். விரல் நுனியால் தடவினால் கோடு தட்டுப்படக் கூடாது. பிறகு ப்ரைமர், மறுபடி தேய்ப்பு, மறுபடி ப்ரைமர். ப்ரைமரில் பெரும்பகுதி தேய்த்தே போய்விட வேண்டும். அப்படியே விட்டால் வீண் எடைதான் சேரும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். வெள்ளை நன்றாகக் காய, அவசரம் வேண்டாம், இரண்டு நாள் கொடுங்கள். மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தால் பெயின்ட் வாசனை வரக் கூடாது. பிறகு டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, அந்த ஓரத்தின் மேல் முதலில் *அதே வெள்ளையை* ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். கசிவதாக இருந்தால் வெள்ளைதான் கசிந்து இடைவெளியை அடைக்கும். அதன் மேல் சிவப்போ கறுப்போ அடித்தால் உள்ளே நுழைய வழி இருக்காது. அடர் நிறம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் டேப்பை மடக்கி, தனக்குத்தானே எதிர்த் திசையில், மெதுவாக இழுங்கள். கத்திபோலக் கோடு வரும்.

ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பெயின்ட்டை அடி முதல் முடி வரை பயன்படுத்துங்கள். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் தோல் சுருங்கிப்போகும். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடித்தால் வெண்படலம் படியும்.

எழுத்துகளுக்கு, நீரில் ஊறவைத்து நகர்த்தும் டெக்கால் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

நேராகப் போகுமா என்று பறக்கவிடும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு புள்ளிகள். ஒன்று ஈர்ப்பு மையம்: ராக்கெட்டை விரல் மேல் வைத்தால் சமமாக நிற்கும் இடம். இன்னொன்று அழுத்த மையம்: பக்கவாட்டில் வரும் காற்றின் விசை எல்லாம் சேர்ந்து விழும் இடம். ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தது ஒரு உடல் விட்டம். நம் ராக்கெட்டுக்கு 42 மி.மீ. இவ்வளவு நீளமான உடம்புக்கு நான் இரண்டு விட்டம் வைத்துக்கொள்வேன்.

அழுத்த மையத்தைக் கணக்கிட ஜேம்ஸ் பாரோமேன் 1966-ல் மாடல் ராக்கெட்காரர்களுக்காகச் சுருக்கித் தந்த சமன்பாடுகள் இருக்கின்றன. இப்போது ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் அதுவே போட்டுக் காட்டும். நம் ராக்கெட்டில் கவனிக்க வேண்டியது: அப்பாச்சிக்கும் துடுப்புகள் உண்டு, அவை ராக்கெட்டின் நடுப்பகுதியில் வருகின்றன. பின்துடுப்புகள் அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுத்தால் இவை முன்னுக்கு இழுக்கும். மென்பொருளில் இவற்றைக் கொடுக்காமல் விட்டால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

ஈர்ப்பு மையத்தைக் கணக்கு போடாதீர்கள், நேரில் பாருங்கள். எப்போது? வண்ணம், டெக்கால், பாராசூட், கயிறு, எரியாத மோட்டார் எல்லாம் உள்ளே இருக்கும்போது. நாம் போடப்போகும் டி12 மோட்டார் (பெயரின் பொருள் அடுத்த கேள்வியில்) 40 கிராமுக்கு மேல் கனக்கும், அதுவும் கடைக்கோடி வாலில். பின்துடுப்புகளில் சேர்ந்த பட்டியும் பெயின்ட்டும் வேறு. கட்டும்போது சரியாக இருந்த ராக்கெட் பெயின்ட் அடித்த பின் வால் கனத்துப்போவது இந்தப் பொழுதுபோக்கில் தினசரிச் செய்தி. குறைந்தால் அப்பாச்சியின் மூக்கு நுனிக்குள் களிமண் வைத்து ஒட்டுங்கள். ராக்கெட் நீளமானது, நுனி மையத்திலிருந்து வெகு தூரம். ஐந்து கிராமே நன்றாக இழுக்கும்.

கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கும் பழைய சோதனையும் உண்டு. மூக்கு முன்னால் நிற்கச் சுற்றினால் நல்லது. ஆனால் நீளமான ராக்கெட்டுகள் உண்மையில் நிலையானவையாக இருந்தும் இந்தச் சோதனையில் தோற்கும். அதனால் தேறினால் நம்பலாம், தோற்றால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

மோட்டாரில் "டி12-5" என்று எழுதியிருக்கிறதே?

எழுத்து மொத்த உந்துதல்: சி என்றால் 5 முதல் 10 நியூட்டன்-விநாடி, டி என்றால் 10 முதல் 20, ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பாகும். 12 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5, எரிந்து முடிந்த பின் பாராசூட்டைத் தள்ளும் வரை உள்ள விநாடிகள். டி என்றதும் 20 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். டி12-ன் உண்மையான அளவு 17-ஐத் தொடாது.

முதல் தடவை சின்ன மோட்டார் போட்டுப் பார்ப்பதுதானே பாதுகாப்பு?

பலரும் சொல்வார்கள். சின்ன, லேசான ராக்கெட்டுக்குச் சரி. ஸ்கேல் மாடலுக்கு இது ஆபத்தான அறிவுரை என்பது என் கருத்து.

துடுப்பு வேலை செய்யக் காற்று வேகமாக ஓட வேண்டும். தொடக்கத்தில் ராக்கெட்டை நேராகப் பிடித்து வழிகாட்டும் ஏவு கம்பியை விட்டு வெளியேறும்போதே விநாடிக்கு 13 மீட்டராவது வேகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நல்ல கணக்கும் காகிதத்தோடு சரி. பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்த ஸ்கேல் மாடல் எடை கூடியது. நம் ராக்கெட் மோட்டாரோடு 160 கிராம் வரும். சராசரி உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது கைவிதி. டி12 ஏழு மடங்கு தரும், அதுவும் தொடக்கத்திலேயே 30 நியூட்டனுக்கு அருகே ஒரு உதை உதைக்கும். அந்த உதைதான் கம்பியிலிருந்து வேகமாக வெளியே தள்ளுகிறது. டி12 பொருந்தும் அதே 24 மி.மீ. மோட்டார் குழாயில் பொருந்தும் சி11-ஐப் போட்டால் எடை வரம்பின் விளிம்பில் நிற்பீர்கள். தயங்கித் தயங்கிக் கிளம்பும், கொஞ்சம் காற்றடித்தாலும் படுத்துவிடும்.

டி12-5 போட்டால் சுமார் 200 மீட்டர் போகும். முதல் பறத்தலுக்கு அது தாராளம்.

பாராசூட் எவ்வளவு பெரியது?

45 செ.மீ. விட்டம். இந்த எடைக்கு விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் இறங்கும், பால்சா தாங்கும். பெரியதாகப் போட்டால் இன்னும் மெதுவாக இறங்குமே என்று தோன்றும். 200 மீட்டரிலிருந்து இறங்க முக்கால் நிமிடம். மணிக்கு 15 கி.மீ. காற்றில் அதற்குள் 180 மீட்டர் தள்ளிப்போகும். பாராசூட் பெரிதானால் அடுத்த ஊர்தான்.

நைக்கியையும் அப்பாச்சியையும் இணைக்கும் இழுவைக் கயிறு ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு முனையை மோட்டார் தாங்கியில் கெவ்லர் நூலால் கட்டுங்கள். அங்கே ரப்பர் எரிந்துவிடும். பாராசூட்டைக் கயிற்றின் நடுவில் கட்டாமல் அப்பாச்சி பக்கமாகக் கட்டினால் இரண்டு துண்டுகளும் வெவ்வேறு உயரத்தில் தொங்கும். ஒன்றின் துடுப்பு இன்னொன்றின் பெயின்ட்டில் மோதாது.

மோட்டாருக்கும் பாராசூட்டுக்கும் நடுவே தீப்பிடிக்காத பஞ்சுத்தாள் ஐந்தாறு. சாதாரண டிஷ்யூ தாள் கூடவே கூடாது. எரிந்துகொண்டே புல்லில் விழும். பாராசூட்டை முதல் நாளே மடித்து வைத்தால் மடிப்பிலேயே ஒட்டிக்கிடக்கும். மைதானத்தில், ஏவுவதற்குச் சற்று முன் டால்கம் பவுடர் தூவி மடியுங்கள்.

அப்பாச்சி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும்?

அப்பாச்சியைப் பிடித்துத் தூக்கினால் நைக்கி கூடவே வர வேண்டும். லேசாக உதறினால் கழல வேண்டும். தளர்ந்திருந்தால் டேப் ஒரு சுற்று. வீட்டு ஏசியில் பொருந்தியது மைதானத்து ஈரக்காற்றில் ஊதி இறுகும், அங்கே போய் மறுபடி பாருங்கள்.

மைதானத்தில் என்ன வரிசை?

நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி 1957-ல் தொடங்கியது. அதன் பாதுகாப்பு விதிகளைத்தான் இங்கே எல்லோரும் பின்பற்றுகிறார்கள். டி மோட்டாருக்கு மைதானத்தின் குறுகிய பக்கம் 150 மீட்டராவது வேண்டும். காற்று மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் இருந்தால் ஏவக் கூடாது. அது உச்ச வரம்பு. முதல் பறத்தலுக்கு 15-க்கு மேல் என்றால் நான் சாப்பாட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

3 மி.மீ. கம்பி இந்த எடைக்கு ஆடும். 5 மி.மீ. கம்பி வையுங்கள், ராக்கெட்டில் ஒட்டும் வழிகாட்டிக் குழலையும் அதற்கேற்ற அளவில் நைக்கியில் ஒட்டியிருக்க வேண்டும். ராக்கெட்டை மாட்டி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்; பெயின்ட் அடைத்த குழலில் சிக்கும்.

பற்றவைக்கும் இக்னைட்டர் முனை உள்ளே மருந்தைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் அடைப்பானைச் செருகி, இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்த கிளிப்புகளை மாட்டுங்கள். கிளிப் ஒன்று கீழே உள்ள தகட்டில் பட்டால் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடும், ஒன்றும் நடக்காது. இவ்வளவு நேரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பாதுகாப்புச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இதில் மட்டும் நட்பு, உறவு பார்க்காதீர்கள்.

டி மோட்டாருக்கு 5 மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்கிறது விதி. ஆனால் இதுவரை பறக்காத ராக்கெட் என்றால் பார்வையாளர்களை எச்சரித்து நன்றாகத் தள்ளி நிறுத்த வேண்டும் என்பதும் விதியில் உண்டு. பிள்ளைகள் உட்காராமல் நிற்கட்டும். ராக்கெட் திரும்பி வந்தால் நகர முடிய வேண்டும். பிறகு ஐந்திலிருந்து சத்தமாக இறங்குமுகமாக எண்ணுங்கள்.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

சாவியை எடுங்கள். 60 விநாடி யாரும் கிட்டே போகக் கூடாது. பெரும்பாலும் இக்னைட்டர் நழுவியிருக்கும்.

மோட்டார் வெடித்துவிடுமா?

அபூர்வம், ஆனால் நடக்கும். பெரும்பாலும் வெயிலில் நிறுத்திய காரில் மோட்டாரை விட்டதால் நடக்கும். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் மருந்துக் கட்டி உறையிலிருந்து விலகும், கீறல் விடும். பற்றியதும் தீ அந்த இடுக்கிலும் பரவி ஒரேயடியாக எரியும். டெக்சாஸ் கோடையில் மோட்டார்ப் பெட்டி என் கூடவே ஏசியில் பயணம் செய்யும்.

பறந்து வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

பாராசூட் விரியும்போது ராக்கெட் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருவர் மட்டும் கவனித்துச் சொல்லட்டும். உச்சியில் திரும்பும் தறுவாயில் என்றால் 5 விநாடி சரி. இன்னும் மேலேறிக்கொண்டிருந்தால் அடுத்த தடவை டி12-7. கீழே பாய்ந்துகொண்டிருந்தால் டி12-3. துடுப்பின் அடிப்பக்கப் பசையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கெவ்லர் நூல் கருகியிருந்தால் மாற்றுங்கள்.

மோட்டாரை நாமே செய்தால் என்ன? தீபாவளி ராக்கெட் மருந்துதானே?

கூடாது. 1950களில் அமெரிக்கப் பிள்ளைகள் அப்படிச் செய்து விரலும் கண்ணும் இழந்ததன் பலனாகத்தான் இந்தப் பொழுதுபோக்கே வேரூன்றியது. நெப்ராஸ்கா மாநிலம் நார்ஃபோக்கில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-ல் மாடல் ராக்கெட்டையும் அதில் மாற்றி மாற்றிப் போடக்கூடிய மோட்டாரையும் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து உருவாக்கினார். வைட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் பணியாற்றிய ஜி. ஹேரி ஸ்டைன் அதைப் பரப்பினார். பிறகு வெர்ன் எஸ்டிஸ் மேபல் என்று பெயரிட்ட இயந்திரத்தால் மோட்டார்களை வரிசையாக அச்சடித்துத் தள்ளினார். மருந்தைப் பிள்ளைகளின் கை இடிக்கக் கூடாது என்பதுதான் இவர்கள் எல்லோரும் செய்த வேலையின் சாரம். சிவகாசிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா?

கட்டுவது முழுவதும் முடியும். பால்சா, தாள், பசைக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். சிக்கல் மோட்டாரில்தான். அமெரிக்காவில் பொம்மைக்கடையில் கிடைப்பதுபோல அங்கே கிடைக்காது. வெடிபொருள் சட்டம் 1884-ம் 2008-ன் வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன. தனி ஆளாக முயலாமல், அனுமதியோடு ஏவும் கல்லூரிக் குழு எதனுடனாவது சேருங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் சைக்கிள் பம்பும் வைத்து விடும் நீர் ராக்கெட்டில் தொடங்கலாம். ஈர்ப்பு மையம், அழுத்த மையம், பாராசூட் எல்லாம் அதிலும் இதே கணக்குதான்.

ஊருக்கு வரும்போது பெட்டியில் நாலு மோட்டார் கொண்டுவாருங்களேன்?

வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். முடியாது. மாடல் ராக்கெட் மோட்டாரைக் கைப்பையிலும் கொண்டுவரக் கூடாது, சரக்குப் பெட்டியிலும் போடக் கூடாது. இக்னைட்டருக்கும் அதே பதில். குழாயும் டெக்கால் தாளும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.